உறையின் மேல் உள்ள பெயர்

பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பவனே தபால் திருடன் என்று ஒரு காலத்தில் எண்ணினோம். இன்றைய திருடனுக்கு உள்ளே எழுதியிருக்கும் நலவிசாரிப்பு தேவையில்லை. பெயர், கதவிலக்கம், கைப்பேசி எண், வங்கிக் கணக்கின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகியவையே அவனுக்கு வேண்டுவன. இவற்றைக் கொண்டு ஒருவன் மற்றொருவனாக நடிப்பதையே அடையாளத் திருட்டு என்கிறோம்.

இது நடக்கும் விதத்தை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஓர் உறையில் வங்கியின் பெயர் கிடைக்கும். மற்றொன்றில் காப்புறுதித் தவணையின் நாள் தெரியும். கசக்கி எறிந்த ரசீது கைப்பேசி எண்ணைத் தரும். தனித்தனியே இவை வெறுங் காகிதங்கள். ஒருவன் கையில் ஒன்றுசேர்ந்தாலோ, உங்கள் பாட்டனாரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் பெயரையும் தெருவையும் பிழையின்றிச் சொல்ல அவை போதும். இவ்வளவும் அறிந்தவன் வங்கி ஊழியனாகத்தான் இருப்பான் என நம்பி, கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணை அவர் சொல்லிவிடுகிறார். சேமிப்பு அந்த நொடியே போய்விடுகிறது.

திருவரங்கத்தில் இத்தொல்லைக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. கோயிலைச் சூழ்ந்த உத்தர வீதியும் சித்திரை வீதியும் திசைக்கு ஒன்றாக நான்கு. கீழ, மேல என்ற ஒரு சொல் விடுபட்டால் கடிதம் வேறு வாசலுக்குப் போகும். போதாக்குறைக்குப் பழைய எண், புதிய எண் என்ற குழப்பம் வேறு! 1972 ஆகஸ்ட் 15 முதல் வழங்கும் அஞ்சல் குறியீட்டெண்ணும் (திருவரங்கத்துக்கு 620006) ஊர்ப்பகுதியைக் காட்டுமேயன்றி வீட்டைக் காட்டாது. பிள்ளைகள் அயல்நாடு சென்றபின் பூட்டிய வீடுகளின் திண்ணையில் குவியும் உறைகள், இங்கு ஆளில்லை என்று ஊருக்கே அறிவிக்கின்றன. திருச்சிராப்பள்ளியின் அடுக்குமாடி வீடுகளிலோ, மாடிப்படியின் கீழே பூட்டில்லாத தபால் பெட்டிகள் பிதுங்கி நிற்கின்றன. ஒரு சிறு பூட்டின் விலையைப் பார்ப்பது வீண் சிக்கனம்.

பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போடுமுன் பெயரும் எண்ணும் உள்ள பகுதியைக் கிழித்துவிடுங்கள். ஆதார் நகல் கொடுக்க நேர்ந்தால், எதற்காக, எந்நாளில் தந்தீர்கள் என்று அதன் குறுக்கே எழுதுங்கள். முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதாரும் கிடைக்கிறது. அதை ஏற்குமிடத்தில் அதுவே போதும். நகலெடுக்கும் கடையில் பாழான பிரதியை விட்டுவிட்டு வராதீர்கள். மாணவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, பிறருடைய கடவுச்சொல் முதலிய தனி அடையாளங்களை வஞ்சகமாகப் பயன்படுத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும், ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆயினும் பணம் போனபின் நாழிகைக் கணக்கே முக்கியம். உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

நெடுநாள் வெளியூர் செல்வோர், கடிதங்களைப் புது முகவரிக்குத் திருப்பும்படி தபால் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம். வங்கி அட்டை விரைவஞ்சலில் வரவேண்டியிருந்தால் அதன் பதின்மூன்று எழுத்துக் குறியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உரிய நாளில் வரவில்லையென்றால், அதைச் சொல்லித் தபால் நிலையத்தில் அன்றே விசாரியுங்கள். அட்டையை முடக்கும்படி வங்கிக்கும் அன்றே தெரிவியுங்கள்.