பாய்ந்தால் அவுட்! பாரிஸின் 'ப்ரீ டாமெரிக்' குதிரைப் பந்தயத்தில் என்ன ஸ்பெஷல்?

குதிரைப் பந்தயம்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? நாலுகால் பாய்ச்சலில் பறக்கும் குதிரை, முதுகில் குனிந்திருக்கும் ஜாக்கி. ஆனால், பாரிஸின் வான்சென் மைதானத்தில் ஜனவரி கடைசி ஞாயிறு நடக்கும் 'ப்ரீ டாமெரிக்' பந்தயத்தில், நாலுகால் பாய்ச்சலில் ஓடினால் குதிரை அவுட். இத்தனைக்கும் மொத்தப் பரிசுத்தொகை சமீப ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் யூரோ!

அது என்ன ரூல்?

இது 'டிராட்' பந்தயம். நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவிலான ஓட்டம்தான் டிராட். வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் ஒரு ஜோடி. மற்ற இரண்டும் இன்னொரு ஜோடி. இந்த ஜோடிகள் மாறி மாறித் தரையைத் தொட வேண்டும். குதிரை இழுப்பது 'சல்கி' என்ற இரண்டு சக்கர வண்டி. கடிவாளத்தைப் பிடித்து அதில் உட்கார்ந்திருப்பவர் டிரைவர்.

தூரம் 2,700 மீட்டர். அதிகபட்சம் 18 குதிரைகள். வழியில் ஒரு மேடு வேறு. வேகம் கூடக் கூட குதிரைக்குப் பாயத்தான் தோன்றும். முதலிடத்தில் வந்துகொண்டிருக்கும் குதிரை கடைசி நேரத்தில் பாய்ந்துவிட்டால், அவ்வளவுதான், எல்லாம் போச்சு.

பிரான்ஸ் பந்தயத்துக்கு ஏன் அமெரிக்கா பெயர்?

முதல் உலகப் போரில் உதவிய அமெரிக்காவுக்கு நன்றி சொல்ல, 1920ல் தொடங்கிய பந்தயம் இது. அதே ஆண்டுதான் பாரிஸின் இன்னொரு பெரிய பந்தயமான 'ஆர்க் டி ட்ரையம்ஃப்' பந்தயமும் தொடங்கியது. அது நகரின் மேற்கே, பணக்காரர்களின் லாங்ஷாம் மைதானத்தில், தொப்பியும் ஷாம்பெய்னுமாக நடப்பது.

வான்சென் இருப்பது கிழக்கே. டிராட் குதிரைகளின் பூர்வீகம் நார்மண்டி பண்ணைகள். இங்கே வளர்ப்பவர், பயிற்சி தருபவர், வண்டி ஓட்டுபவர் எல்லாம் ஒரே ஆளாக இருப்பதும் சகஜம்.

'சோம்பேறி ராஜா' யார்?

உராஸி என்ற குதிரை. பந்தயத்துக்கு முன்பு சோம்பலாகச் சுற்றும், கடைசியில் வந்து எல்லோரையும் முந்தும் என்பதால் இந்தப் பட்டப்பெயர். 1986, 87, 88 என வரிசையாக மூன்று வெற்றி. 1989ல் தோல்வி. இந்தப் பந்தயத்தில் 10 வயதுக்கு மேல் ஓட அனுமதி இல்லை. 1990ல் உராஸிக்கு வயது 10. அதாவது, கடைசி சான்ஸ். அதிலும் ஜெயித்தது! நான்கு முறை வென்ற ஒரே குதிரை இதுதான்.

டீக்கடை அரட்டை மாதிரியா?

கிட்டத்தட்ட. 1930ல் தொடங்கிய 'பிஎம்யு' என்ற அமைப்பு மூலம் கஃபேக்களிலேயே பந்தயம் கட்டலாம். 1954ல் முதல் மூன்று குதிரைகளைக் கணிக்கும் 'தியர்சே' வந்தது. ஞாயிற்றுக்கிழமை கஃபே, காபி, பேப்பரில் குதிரைப் பட்டியல் என்பது பல குடும்பங்களில் வழக்கமானது. கட்டிய பணமெல்லாம் ஒரே தொகுப்பில் சேரும். கழிவு போக மிச்சம் ஜெயித்தவர்களுக்கு. அந்தக் கழிவில் ஒரு பங்குதான் குதிரை வளர்ப்புத் துறையையே நடத்துகிறது.

இப்போ என்ன பிரச்னை?

இளைஞர்களை இழுக்க, பந்தயத்தின் பெயரோடு 'லெஜண்ட் ரேஸ்' என ஆங்கிலத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால், இளைஞர்கள் கேட்கும் கேள்வி வேறு: குதிரையை இப்படி ஓட்டுவது சரியா?

உதாரணம், லாடம். பட்டியலில் 'டி4' என்று இருந்தால், நான்கு காலிலும் லாடம் இல்லை என்று அர்த்தம். காலில் எடை குறையும், வேகம் கூடும். ஆனால், குளம்பு தேயும். ஸ்வீடனில் குளிர்காலத்தில் லாடம் இல்லாமல் ஓட்டத் தடை. பிரான்ஸிலோ, நடுக்குளிரில் நடக்கும் நாட்டின் மிகப்பெரிய டிராட் பந்தயத்திலேயே அதற்கு அனுமதி உண்டு.

குதிரை பாய்ந்து ஓடினால் வெளியே அனுப்பும் பந்தயம் இது. வேகத்துக்கு அவ்வளவு கறாராக எல்லை போட்டவர்கள், குளம்புக்கும் ஒரு எல்லை போடுவார்களா என்பதுதான் இப்போதைய கேள்வி.