மண்டைக்குள் ஓர் அணை!

மூளை நீர் பெருகினால் என்ன ஆகும்?

மழைக் காலம் வந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"அணையில் இன்றைக்கு எத்தனை அடி?"

தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், எந்த ஊர் டீக்கடையிலும் இந்தப் பேச்சுத்தான்.

காரணம் இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. அதன் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வந்து லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது.

தண்ணீர் வராவிட்டால் பயிர் வாடும். அளவுக்கு மேல் தேங்கினால் ஆபத்து. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

இதே போன்ற நீர்க் கணக்கு ஒன்று ஒவ்வொரு மனிதனின் தலைக்குள்ளும் இரவு பகலாக நடக்கிறது!

மிதக்கும் மூளை

மூளை மண்டை ஓட்டுக்குள் சும்மா உட்கார்ந்து இருக்கவில்லை. அது நீரில் மிதக்கிறது.

அந்த நீருக்கு மூளைத் தண்டுவட நீர் என்று பெயர். பார்ப்பதற்குப் பளிங்கு போலத் தெளிவாக இருக்கும். வளர்ந்த ஒருவரின் தலையிலும் முதுகுத் தண்டிலுமாகச் சேர்த்து சுமார் 150 மில்லி இருக்கும். ஒரு தம்ளர் அளவுதான்.

ஆனால் அது செய்யும் வேலை பெரிது. மூளையின் எடை சுமார் 1,400 கிராம். நீரில் மிதப்பதால் அது வெறும் 50 கிராம் எடை உள்ளது போல இலேசாக இருக்கிறது. ஓடும்போதும் குதிக்கும்போதும் மூளை எலும்பில் மோதாமல் அந்த நீர் தாங்குகிறது.

மூளையின் நடுவே 4 சிறு அறைகள் இருக்கின்றன. அங்கேதான் இந்த நீரின் பெரும் பகுதி ஊறுகிறது. ஒரு நாளைக்கு ஊறுவது சுமார் 500 மில்லி. இருப்பதோ 150 மில்லி. அப்படியானால் ஒரே நாளில் 3 தடவைக்கு மேல் பழைய நீர் போய், புது நீர் வருகிறது!

ஊறிய நீர் ஒரு குறுகிய பாதை வழியாக இறங்குகிறது. மூளையையும் முதுகுத் தண்டையும் சுற்றி வருகிறது. பிறகு இரத்தத்தில் கலந்துவிடுகிறது. அந்தக் குறுகிய பாதைக்கு வைத்திய நூல்களில் உள்ள பெயர் என்ன தெரியுமா? 'வாய்க்கால்' என்பதுதான் அதன் பொருள்!

வாய்க்கால் அடைத்தால்?

வாய்க்கால் அடைத்தாலும் ஊற்று நிற்பது இல்லை. நீர் ஊறிக்கொண்டே இருக்கும். போக வழி இருக்காது. அறைகள் உப்பும். மூளை நசுங்கும்.

மண்டை ஓடு மூடிய பெட்டி. உள்ளே இருப்பவை மூன்று: மூளை, இரத்தம், நீர். ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்துதான் ஆக வேண்டும். ஸ்காட்லாந்து டாக்டர்களான மன்றோ 1783-லும் கெல்லி 1824-லும் இந்தக் கருத்தை எடுத்துச் சொன்னார்கள்.

முதலில் உடல் தானாகவே சமாளிக்கிறது. கொஞ்சம் நீரை முதுகுத் தண்டுப் பக்கம் தள்ளுகிறது. கொஞ்சம் இரத்தத்தை வெளியே அனுப்புகிறது. நோயாளி வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருப்பார். ஆனால் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டிவிட்டால் அழுத்தம் மளமளவென்று ஏறிவிடும்.

மூளைக்குள் அழுத்தம் மிகவும் ஏறினால் இரத்தம் உள்ளே நுழைய முடியாது. உடனே உடல் இரத்த அழுத்தத்தைக் கூட்டி, இரத்தத்தை உள்ளே தள்ளப் பார்க்கும். அதே சமயம் நாடித் துடிப்பு மெதுவாகிவிடும். இதை 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்து விளக்கியவர் அமெரிக்க மூளை நிபுணர் ஹார்வி குஷிங். இது உடல் செய்யும் கடைசிப் போராட்டம். இந்த நிலை வரும் வரை காத்திருக்கலாகாது.

எண்ணெய்க் குளியலா காரணம்?

"தலைக்குக் குளித்தாள். நீர் கோத்துக்கொண்டது" என்று பாட்டிமார் சொல்வது உண்டு. அது சளியும் மூக்கடைப்பும். மூளை நீர் வேறு. குளிக்கிற தண்ணீர் மண்டைக்குள் போகாது. மூளை நீர் உள்ளேயே ஊறுவது.

அது தேங்குவதற்குப் பல காரணங்கள் உண்டு. பிறவியிலேயே பாதை குறுகி இருக்கலாம். கட்டி வந்து அடைக்கலாம். இரத்தம் கசிந்து அடைக்கலாம். நம் நாட்டில் முக்கியமான இன்னொரு காரணம் காச நோய். காசம் நுரையீரலோடு நிற்பது இல்லை. மூளையின் உறையையும் தாக்கும். அப்போது நீரின் வழிகள் அடைபடும்.

வேலூர் சொன்ன பாடம்

இந்தியாவில் முதல் மூளை ஆபரேஷன் பிரிவை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1950-ல், சென்னை அரசு பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி அந்தப் பணியைத் தொடங்கினார்.

பின்னாளில் வேலூர் டாக்டர்கள் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். மூளைக் காசத்தால் நீர் தேங்கி, ஆபரேஷன் செய்துகொண்ட 114 பேரை நெடுநாள் கவனித்து, முடிவை 1991-ல் வெளியிட்டார்கள்.

நோயாளி வந்து சேர்ந்த நிலையை 4 படிகளாகப் பிரித்தார்கள். நல்ல நினைவோடு வந்தவர்கள் முதல் படி. அவர்களில் இறந்தவர்கள் ஐந்தில் ஒருவர். மூன்றாம் படியில் பாதிக்கு மேல் இறந்தார்கள். நினைவே இல்லாமல் நான்காம் படியில் வந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை!

டாக்டர்கள் அவர்களேதான். ஆபரேஷனும் அதேதான். வந்த நேரம்தான் வேறு.

ஒரு தகப்பனின் வால்வு

அந்த ஆபரேஷன் என்ன? அணைக்கு மதகு வைப்பது போன்றதுதான். மூளை அறையில் இருந்து ஒரு மெல்லிய குழாய் தோலுக்கு அடியில் கழுத்து வழியாக வயிற்றுக்குள் போகும். மிகுதி நீர் அங்கே வடிந்து, உடலிலேயே கலந்துவிடும். நீர் அளவோடு போகவும் திரும்பி வராமல் இருக்கவும் குழாயில் ஒரு வால்வு உண்டு.

நல்ல வால்வு கிடைக்காமல் டாக்டர்கள் தவித்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்பவர் பூட்டுக் கம்பெனித் தொழிலாளி. 1955-ல் அவருக்குப் பிறந்த மகனுக்கு மூளையில் நீர் தேங்கியது. அந்தத் தகப்பன் தொழிற்கூடத்தில் உட்கார்ந்து ஒரு வால்வு செய்தார். 1956-ல் அது ஆபரேஷனுக்கு வந்தது. அவர் மகன் நெடுங்காலம் வாழவில்லை. ஆனால் அந்த வால்வு உலகெங்கும் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியது.

இன்று நம் நாட்டிலேயே குழாய் தயாராகிறது. உத்தரப்பிரதேசத்து ஷாஜஹான்பூரில் செய்யப்படும் சாப்ரா குழாயின் விலை 2005 வாக்கில் சுமார் 35 டாலராக இருந்தது. வெளிநாட்டுக் குழாய் ஒன்றின் விலை அப்போது சுமார் 650 டாலர். உகாண்டா நாட்டில் 195 குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓர் ஆண்டுப் பலனில் வித்தியாசம் தெரியவில்லை என்று 2005-ல் முடிவு வந்தது.

சிலருக்குக் குழாய் இல்லாமலே, உள்ளே ஒரு சிறு துவாரம் போட்டு நீரை வடியவிடவும் முடியும். குழாய் வைத்தவர்களுக்கு அது சில சமயம் அடைத்துக்கொள்ளும். பழைய தொல்லை திரும்பினால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

தாய்மார்கள் கவனிக்க

பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 சென்டிமீட்டர். ஒரு வயதில் சுமார் 46. கைக்குழந்தையின் தலை அதிவேகமாகப் பெருத்தாலும், உச்சிக்குழி புடைத்தாலும், கண்கள் மறையும் சூரியனைப் போலக் கீழ்நோக்கி இறங்கினாலும் உடனே காட்டுங்கள்.

பெரியவர்களுக்குத் தலை பெருக்காது. காலையில் எழும்போதே கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், மயக்கம் போன்ற தூக்கம் ஆகியவை அடையாளங்கள். பல நாள் காய்ச்சலோடு தலைவலியும் சேர்ந்தால் அலட்சியம் கூடாது. எல்லாத் தலைவலியும் இது அல்ல. ஆனால் எது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். மந்திரித்துக் கயிறு கட்டுவதில் நாளைப் போக்கினால், முதல் படி நோயாளி நான்காம் படிக்குப் போய்விடுவார்.

தேனி மாவட்டத்தாருக்கு க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்கு அப்பால் மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. 108-க்குப் போன் செய்தால் வண்டி வரும். காச நோய் மருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

அணையில் எத்தனை அடி என்று தினமும் கேட்கிறோம். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் தலை எத்தனை சென்டிமீட்டர் என்றும் கேட்போம். அதை அளக்க ஒரு தையல்கார டேப் போதும்!