மண்ணைக் குடைந்த ராட்சதர்கள்

இன்று மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத்தின் உறவினங்கள், பனியுகம் முடியும்வரை தென் அமெரிக்காவின் தரையில் நடமாடின. அவற்றில் ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள ஸ்கெலிடோதீரியமும் அதனினும் பெரிய குளோசோதீரியமும் மண்ணைத் தோண்டக்கூடியவை என்பதற்கு முன்கால் எலும்பே முதல் சாட்சி. முழங்கை மூட்டைத் தாண்டிப் பின்னால் நீளும் எலும்பு முனை ஒரு நெம்புகோல். அது நீண்டிருந்தால் முன்கையை நீட்டும் தசைக்கு வலு கூடும், வேகம் குறையும். தோண்டும் அர்மடில்லோக்களுக்கு அது நீளம். இந்த ஸ்லாத்துகளுக்கும் அப்படியே. அகன்ற கையும் தடித்த நகங்களும் அதே வேலைக்குப் பொருந்துகின்றன.

கிழங்கு தோண்டவும் இந்த வலு போதுமே, இவை வாழும் வளையையே குடைந்தன என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா அருகிலும் தெற்கு பிரேசிலிலும் பழங்காலச் சுரங்கங்கள் கிடைத்துள்ளன. சுவர்களில் நகக்கீறல்கள் இன்றும் தெரிகின்றன. அவற்றை அழிந்துபோன பெரிய அர்மடில்லோக்கள் குடைந்திருக்கலாம் என்பது அடுத்த மறுப்பு. குறுகலான வளைகளுக்கு அது சரி. ஒன்றரை மீட்டரைத் தாண்டும் அகலத்துக்கு ஸ்லாத்தின் உடலே பொருந்துகிறது. இவ்வளவு கனத்த விலங்கு எதுவும் இன்று வளை தோண்டுவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் இத்தகைய கையுள்ள கனத்த விலங்கும் இன்று இல்லை. இன்றைய விலங்குகளை மட்டும் அளவுகோலாக வைத்து, எலும்பும் சுவரும் சேர்ந்து சொல்லும் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது.