பிரைட்டனில் ஓர் இரவு

1974 ஏப்ரல் 6. இங்கிலாந்தின் கடற்கரை நகரமான பிரைட்டனில் யூரோவிஷன் பாட்டுப் போட்டி. 17 நாடுகள் மோதுகின்றன. ஸ்வீடனின் முறை வந்ததும் இசைக்குழு நடத்துநர் நெப்போலியன் வேடத்தில் வந்து நிற்கிறார். பாட்டின் பெயர் நெப்போலியன் தோற்ற 'வாட்டர்லூ' ஆயிற்றே! நட்சத்திர வடிவ கிட்டாரோடு பியோர்ன், பியானோவில் பென்னி, முன்னால் அக்னெத்தாவும் ஆனி-ஃப்ரீடும்.

நால்வரும் ஸ்வீடனில் ஏற்கெனவே தெரிந்த முகங்கள்தான். ஆனால், 'ஆபா' என்ற குழுவின் பெயர் புத்தம் புதிது. நால்வர் பெயரின் முதல் எழுத்துகளைக் கோத்தால் ஏ-பி-பி-ஏ. அதே பெயரில் ஸ்வீடனில் ஒரு டப்பா மீன் நிறுவனமும் இருந்தது. அவர்களிடம் சம்மதம் வாங்கித்தான் இந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

முந்தைய ஆண்டு 'ரிங் ரிங்' பாட்டோடு உள்நாட்டுத் தேர்வில் மூன்றாவதாக வந்து, வாய்ப்பை நழுவவிட்டவர்கள் இவர்கள். சோர்ந்து போகாமல் அடுத்த ஆண்டே திரும்பி வந்தார்களே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

அன்று ஒவ்வொரு நாட்டிலும் பத்து நடுவர்கள். ஆளுக்கு ஒரே ஓட்டு. அதனால் மொத்தமே 24 புள்ளிகள் பெற்று ஆபா முதலிடம் பிடித்தது. யூரோவிஷனில் ஸ்வீடனுக்கு அதுவே முதல் வெற்றி. போட்டியை நடத்திய பிரிட்டனின் நடுவர்கள் ஆபாவுக்கு ஒரு ஓட்டுகூடப் போடவில்லை. ஆனால், அடுத்த மாதமே பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது அதே 'வாட்டர்லூ'!