'நீ வந்தா நானும் வர்றேன்!' - பெண்களையும் பிள்ளைகளையும் ஓடவைத்த பிரிட்டன் முயற்சிகள்

'நாளையிலேர்ந்து கண்டிப்பா வாக்கிங் போகணும்!' - இந்த வசனம் ஒலிக்காத வீடு இருக்கிறதா என்ன? ஷூ வாங்கியாச்சு, அலாரமும் வெச்சாச்சு. மூன்றாவது நாளே டிபன் பாக்ஸ், ஸ்கூல் வேன், தண்ணீர் லாரி என ஏதாவது ஒன்று குறுக்கே வந்துவிடும்.

'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2024-ல் வெளியான ஆய்வின்படி, 2022-ல் இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை. ஆண்களில் இது 42 சதவிகிதம். 'நாள் முழுக்க வீட்டு வேலை பார்க்கிறோமே, அது கணக்கில்லையா?' என்று கோபம் வரலாம். அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. வாரத்துக்கு 150 நிமிடங்கள், மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்பதுதான் அளவுகோல்.

பெண்களைத் தடுப்பது சோம்பல் மட்டும்தானா? இங்கிலாந்தின் 'ஸ்போர்ட் இங்கிலாந்து' அமைப்பு இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. 14 முதல் 40 வயது வரையுள்ள பெண்களில் 75 சதவிகிதம் பேர், 'இன்னும் சுறுசுறுப்பாக இருக்க ஆசை' என்றார்கள். ஆசை இருந்தும் தடுத்தது, 'பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?' என்ற பயம். குண்டாகத் தெரிவேனோ, வியர்த்து வழியுமோ, பிள்ளையை விட்டுவிட்டு ஓடப் போகிறாள் என்பார்களோ... நம்ம ஊர் தெருமுனைப் பேச்சு அங்கேயும் இருக்கிறது!

மான்செஸ்டர் அருகிலுள்ள பரி நகரில் இதற்காக நடந்த முன்னோட்டத் திட்டத்தின் பெயரே, 'நீ வந்தா நானும் வர்றேன்' என்ற பொருள் கொண்டது. தனியாகப் போகக் கூச்சப்படுபவரைத் தோழியோடு வரவைக்கும் உத்தி. தொடர்ந்து 2015 ஜனவரியில் 'திஸ் கேர்ள் கேன்' விளம்பரங்கள் வந்தன. அவற்றில் மாடல்கள் இல்லை. தொப்பையோடும் வியர்வையோடும் ஓடிய, ஆடிய, நீந்திய சாதாரணப் பெண்கள்தான்.

பிள்ளைகள் விஷயத்தில் வழிகாட்டியது ஸ்காட்லாந்து. ஸ்டர்லிங் நகரின் செயின்ட் நினியன்ஸ் தொடக்கப்பள்ளியில் 2012-ல் தலைமை ஆசிரியை எலெய்ன் வைலி, ஒரு வகுப்பை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார். ஒரு சுற்றிலேயே பலர் களைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தினமும் 15 நிமிடங்கள் என்று வழக்கமானது. யூனிஃபார்ம் மாற்ற வேண்டாம், கருவி வேண்டாம், போட்டியும் கிடையாது. நடக்கலாம், ஓடலாம், தோழியோடு கதை பேசிக்கொண்டே போகலாம்.

'டெய்லி மைல்' என்று பெயர் பெற்ற இதை, ஸ்காட்லாந்தின் இரண்டு பள்ளிகளில் 391 குழந்தைகளிடம் சோதித்த முன்னோட்ட ஆய்வு 2018-ல் வெளியானது. ஓடிய பள்ளியின் பிள்ளைகளுக்கு, இதைச் செய்யாத பள்ளியோடு ஒப்பிட்டால், வேகமான உடலியக்கம் நாளுக்கு 9 நிமிடங்கள் கூடியிருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் 18 நிமிடங்கள் குறைந்திருந்தது.

இரண்டே பள்ளிகள்தானே என்ற கேள்வி நியாயமானதே. பிறகு பர்மிங்காமில் 40 பள்ளிகளில் பெரிய அளவில் சோதித்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, உடல் எடைக் குறியீட்டில் மொத்தமாகச் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. எடை குறையும் என்று நம்பியவர்களுக்கு அது ஏமாற்றம்தான். ஆனால், மாணவிகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது மட்டும், அளவில் சிறியதாக இருந்தாலும் பலன் தெரிந்தது.