தனி ஆளாகச் சொகுசுக் கப்பலில்

சொகுசுக் கப்பல் ஓர் இடத்துக்குப் போய்ச்சேர்வதற்காக ஓடுவதில்லை. ஏறிய துறைமுகத்திலேயே பெரும்பாலும் திரும்பி இறங்க வேண்டும். இடைப்பட்ட மூன்று நாளோ ஏழு நாளோ கப்பல்தான் தங்குமிடம், சாப்பாட்டுக் கடை, ஆட்டபாட்ட மேடை எல்லாம். குடும்பமாகவோ சோடியாகவோ போகிறவர்களை மனதில் வைத்துக் கட்டப்பட்ட தொழில் இது. தனியாகப் போக நினைப்பவர் கடலுக்கும் தனிமைக்கும் பயப்படுகிறார். ஆனால் அவரை உண்மையில் இடறுபவை வேறு மூன்று: அறையின் விலை, விசா, கரையில் இறங்கிய பின் பார்க்க வேண்டிய மணிக்கூடு.

வன்னியின் மேற்கு ஓரத்தில், பூநகரிக்கும் முழங்காவிலுக்கும் இடையே ஏ-32 வீதியில் இருக்கும் ஜெயபுரத்தவருக்குக் கடல் தூரமில்லை. மேற்கே கிராஞ்சியும் வலைப்பாடும் கரையோர ஊர்கள். வடக்கே போனால், முன்னர் 'பாதை' என்ற மிதவையில் ஏறிக் கடந்த கேரதீவு நீரேரியை 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் இன்று சில நிமிடத்தில் கடத்திவிடுகிறது. அதன் பின் நாவற்குழி, யாழ்ப்பாணம், காங்கேசன்துறை. சொந்த வாகனம் என்றால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

அந்தக் காங்கேசன்துறைக்குத்தான் 2023 ஜூனில் 'எம்பிரஸ்' என்ற சொகுசுக் கப்பல் வந்தது. இந்தியாவின் கோர்டேலியா நிறுவனம் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றி மீண்டும் சென்னைக்குத் திரும்பும் பயணமாக இதை ஒழுங்கு செய்திருந்தது. 1990இல் றோயல் கரிபியன் நிறுவனத்துக்காகப் பிரான்சில் கட்டப்பட்ட பழைய கப்பல் அது. நீளம் சுமார் 210 மீற்றர், தொன்னளவு 48,000க்கு மேல், பதினொரு தளங்கள். இன்றைய கரிபியன் கடலின் இராட்சதக் கப்பல்களுக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னதுதான். ஆனால் முதல்முறை தனியாகப் போகிறவருக்குச் சின்னக் கப்பலே நல்லது. இரண்டாம் நாளே வழி பிடிபட்டுவிடும், முகங்களும் பழகிவிடும்.

இக்கப்பல் சென்னைப் பக்கம் வருவதற்குக் காற்றுதான் காரணம். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் அரபிக்கடல் கொந்தளிக்கும். மும்பையிலிருந்து ஓட முடியாத அந்தக் காலத்தில் கப்பலைக் கிழக்குக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். வாடையையும் சோளகத்தையும் பார்த்துத் தொழிலுக்குப் போகும் கிராஞ்சிக் கடற்தொழிலாளிக்கு இந்தக் கணக்கை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பயண முகவர்கள் அடிக்கடி சொல்லும் 'முதல்முறை கப்பல்' என்ற பேச்சு வன்னியில் எல்லோருக்கும் பொருந்தாது. 2008இன் பிற்பகுதியில் போரால் பூநகரிப் பக்கத்துச் சனம் கிழக்கே இடம்பெயர்ந்து போனது. 2009 பெப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைகளிலிருந்து காயக்காரரையும் நோயாளரையும் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் ஏற்பாட்டில் 'கிறீன் ஓசன்' கப்பல் ஏற்றிச் சென்றது. சிறு படகில் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றினார்கள். சொந்தபந்தத்தைக் கரையில் விட்டுவிட்டு ஏறியவர்கள் பலர். அப்படிப்பட்ட ஒருவருக்குக் கப்பலின் அபாயச் சங்கு வெறும் பயிற்சிச் சத்தமாக மட்டும் கேட்காது. ஏறிய நாளிலேயே ஒத்திகைக்காக அது ஒலிக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பதும், எந்நேரம் என்று வரவேற்பு மேசையில் கேட்டுக்கொள்வதும் உதவும்.

இனி விலை. கப்பல் நிறுவனங்கள் அறையை இரண்டு பேருக்கு என்றே கணக்கிடுகின்றன. விளம்பரத்தில் 'ஆளுக்கு 40,000 ரூபா' என்றிருந்தால், அறையில் இருவர் தங்கினால் ஆளுக்கு அவ்வளவு என்று அர்த்தம். தனியாகப் போகிறவரிடம் வெறுமையாகக் கிடக்கும் மற்றக் கட்டிலுக்கும் சேர்த்து அறவிடுவார்கள். அந்த மேலதிகம் சில பயணங்களில் பாதி, பலவற்றில் முழுமை. அதாவது 40,000 என்று பார்த்தது 80,000 வரை ஏறலாம். இதை அநியாயம் என்று திட்டுபவர்கள் உண்டு. நிறுவனத்தின் பக்கம் பார்த்தால், இரண்டாம் ஆள் கப்பலில் செலவழித்திருக்கக்கூடிய காசும் அவர்களுக்கு நட்டம்.

கப்பல் என்றால் எப்போதும் இப்படித்தான் என்றில்லை. ஆகாய விமானம் வழக்கத்துக்கு வருமுன் கொழும்பிலிருந்து இலண்டனுக்குப் படிக்கவும் வேலைக்கும் போனவர்கள் கப்பலில்தான் போனார்கள், அவர்களிற் பலர் தனியாக. அக்காலத்து நெடுந்தூரக் கப்பல்களில் ஒருவருக்கான அறைகள் சாதாரணம். உல்லாசப் பயணமாகத் தொழில் மாறியபோதுதான் அவை குறைந்துபோயின. 2010இல் நோர்வீஜியன் நிறுவனம் 'எபிக்' என்ற கப்பலில் தனியாட்களுக்கென்றே 128 சிற்றறைகளையும் அவர்கள் மட்டும் கூடும் ஓர் இருப்பறையையும் அமைத்தது. அறை 100 சதுர அடிதான், கடலைப் பார்க்கும் யன்னலும் இல்லை. ஆனால் இரட்டை விலையும் இல்லை. 2016இல் 'குயின் மேரி 2' கப்பலைப் புதுப்பித்தபோது அதிலும் 15 தனியாள் அறைகளைச் சேர்த்தார்கள். இப்படியான அறைகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் முதலில் விற்றுத் தீருபவையும் அவைதான். அவை இல்லாத கப்பலில் மலிவான வழி, யன்னலற்ற உள்ளறை. பகலெல்லாம் மேல்தளத்தில் இருப்பவருக்கு இரவில் படுக்க யன்னல் எதற்கு?

விசாவில் ஒரு கண்ணி இருக்கிறது. சென்னையில் ஏறும் இலங்கையர் முதலில் இந்தியாவுக்குள் நுழைகிறார், பின் கப்பலில் வெளியேறுகிறார், சுற்றி வந்து சென்னையில் மறுபடியும் நுழைகிறார். ஒருமுறை நுழைவதற்கான விசா வைத்திருப்பவர் திரும்பி வரும்போது மாட்டிக்கொள்வார். ஐரோப்பாவில் ஏறி வெளியே போய்வரும் கப்பல்களுக்கும் இதே கதைதான். கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் பிள்ளை, அம்மாவுக்கு நல்லது செய்வதாக நினைத்து ரிக்கற் போட்டுவிடும். அந்தப் பிள்ளையின் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு விசா கேட்காத துறைமுகம் அம்மாவின் இலங்கைக் கடவுச்சீட்டுக்குக் கேட்கும். கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும், கரையில் இறங்காவிட்டாலும் கூட, விசா நிலையைத் தனித்தனியே பார்த்த பிறகுதான் காசு கட்ட வேண்டும். விசா இல்லையென்று ஏற்றாமல் விட்டால் அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பாது. வன்னியில் இருப்பவர் கடவுச்சீட்டு அலுவலை வவுனியாப் பிராந்திய அலுவலகத்தில் பார்க்கலாம். இந்தியத் துணைத் தூதரகம் 2010 முதல் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது.

வடக்கிலிருந்தே சென்னைக்குப் போக இரண்டு வழி. பலாலியிலிருந்து விமானம் ஒன்று. மற்றது காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குப் பயணிகள் கப்பல், அங்கிருந்து ரயிலோ பஸ்ஸோ. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914இல் தொடங்கிய கப்பல் சேவை, 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் இராமேஸ்வரத்துக்கு மாறி, 1980களில் நின்றுபோனது. பல பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 2023 ஒக்டோபர் 14இல் 'செரியபாணி' நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வந்தது. சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டு, 2024 ஒகஸ்ட் 16இல் 'சிவகங்கை' ஓடத் தொடங்கியது. சுமார் 150 பேர் இருந்து போகும் சிறு கப்பல், நான்கு மணி நேரத்தை ஒட்டிய பயணம். படுக்கை அறையும் இல்லை, ஆட்டம்பாட்டமும் இல்லை. தனியாகக் கடற்பயணம் ஒத்துவருமா என்று பார்க்க நினைப்பவருக்கு, ஏழு நாள் சொகுசுக் கப்பலுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது. வாடைக் காலத்தில் சேவை நிற்பது வழக்கம் என்பதால், திரும்பும் நாளை இறுக்கமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது.

சத்தி எடுக்குமோ என்ற பயத்துக்கும் இந்த ஒத்திகை பதில் சொல்லும். ஏனென்றால் பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதி 15 மீற்றருக்குள். ஆழமற்ற நீரில் காற்று எழுப்பும் அலை குறுகியதாகவும் செங்குத்தாகவும் இருக்கும், சின்னக் கப்பலை அது உலுக்கிவிடும். 200 மீற்றர் நீளக் கப்பல் அப்படி ஆடாது. பக்கவாட்டு ஆட்டத்தைத் தணிக்க நீருக்கடியில் செட்டைகளும் அதற்கு உண்டு. ஆட்டம் மிகக் குறைவான இடம் கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம். விலை குறைந்த அறைகளிற் பல அங்கேதான் இருக்கின்றன. வைத்தியர் சொல்லும் குளிசையை ஆட்டம் தொடங்க முன்னரே போட வேண்டும், வயிற்றைப் பிரட்டத் தொடங்கிய பின் போட்டால் அது வெளியே வந்துவிடும்.

ஏறும் நாளில் பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கி, அறை எண் கட்டி, பின்னேரம் கதவடிக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். எனவே மருந்து, கடவுச்சீட்டு, ஒரு மாற்றுடுப்பு, கைபேசிச் சார்ஜர் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். உள்ளே போனதும் ஓர் அட்டை தருவார்கள். அறைத் திறப்பு, அடையாளம், பணப்பை மூன்றும் அதுதான். கப்பலில் காசு புழங்காது, வாங்குவதெல்லாம் அட்டையில் ஏறும், கடைசி இரவு மொத்தமாகத் தெரியும். குடிவகை, இணையம், சூதாட்ட மேசை, நாளாந்தச் சேவைக் கட்டணம் இவை பெரும்பாலும் ரிக்கற் விலைக்குள் அடங்கா. தடுக்க ஆளில்லாத தனிப் பயணிக்கு இந்தக் கணக்கு வேகமாக ஏறும். ஒவ்வொரு இரவும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. கரை மறைந்ததும் கைபேசியை விமான நிலைக்கு மாற்றாவிட்டால், கப்பலின் செய்மதி வலையமைப்பைப் பிடித்து அதுவும் தன் பங்குக்குக் கட்டணத்தை ஏற்றும்.

அபாய ஒத்திகையை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. ஏழு குறுஞ்சங்கும் ஒரு நெடுஞ்சங்கும் ஒலித்தால் அவரவர் அட்டையிலுள்ள கூடுமிடத்துக்குப் போக வேண்டும். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே 'கொஸ்தா கொன்கோர்தியா' பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு அதுவரை ஒத்திகை நடந்திருக்கவில்லை. புறப்படும் முன் அல்லது புறப்பட்ட உடனேயே ஒத்திகை நடத்த வேண்டுமென்ற சர்வதேச விதி 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடும்பத்தோடு வந்தவரை ஆபத்தில் தேட ஆளிருக்கும். தனியாக வந்தவரின் பெயரைக் கூப்பிடப் போவது கூடுமிடத்துப் பட்டியல் மட்டுமே.

சாப்பாட்டு நேரம்தான் தனிமை உறைக்கும் இடம். தானே எடுத்துச் சாப்பிடும் கூடத்தில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை. மேசைப் பரிமாறல் உள்ள கூடத்தில் 'மற்றவர்களோடு சேர்ந்த மேசை' என்று முதல் நாளே கேட்டால் ஆறு எட்டுப் பேர் மேசையில் இடம் தருவார்கள். பல கப்பல்கள் தனிப் பயணிகளுக்கென முதல் மாலையில் ஒரு சந்திப்பும் வைக்கின்றன, நாளாந்த நிகழ்ச்சித் தாளில் அது இருக்கும். பெண்கள் தனியாகப் போனால் அறை எண்ணைப் புதுப் பழக்கக்காரரிடம் சொல்லாமல் இருப்பதும், மின்தூக்கிக்குக் கிட்ட ஆள் நடமாட்டமுள்ள நடைவழியில் அறை எடுப்பதும் நல்ல முன்னெச்சரிக்கை. ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கேள்விக்குக் கப்பலில் பதில் கிடையாது.

கரையில் இறங்கும் நாளில் முக்கியம், திரும்பி ஏற வேண்டிய இறுதி நேரம். கப்பலே ஒழுங்கு செய்த சுற்றுலா பிந்தினால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். சொந்தமாக ஓட்டோ பிடித்து நல்லூருக்கும் கீரிமலைக்கும் போனவருக்காகக் காத்திராது, அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவில் அவர் வந்துசேர வேண்டும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம் என்பதால் இந்தப் பாதையில் மணிக்கூட்டுக் குழப்பம் இல்லை. வேறு கடல்களில் கப்பல் நேரமும் கரை நேரமும் வேறுபடலாம். நாளாந்தத் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். கடவுச்சீட்டைக் கப்பலே வாங்கி வைத்திருந்தால் அதன் பிரதியும் கையில் இருக்கட்டும்.

கப்பலில் வைத்தியர் உண்டு, ஆனால் இலவசமில்லை. கடும் வருத்தம் என்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுக் கப்பல் போய்விடும். கூட ஆளில்லாதவருக்குப் பயணக் காப்புறுதி இந்த ஓரிடத்துக்காகவே வேண்டும், அவசர இடமாற்றச் செலவு அதில் அடங்குகிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். வயிற்றோட்டக் கிருமி கூட்டத்தில் வேகமாகப் பரவும் இடம் கப்பல், அதற்குச் சவர்க்காரமும் தண்ணீரும்தான் மருந்து.

கடைசி இரவு பெரிய பெட்டியைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், விடிய அது இறங்குதளத்தில் இருக்கும். தானே தூக்கிக்கொண்டு இறங்குகிறேன் என்று முன்னரே சொன்னவர்கள் முதலில் இறங்கிவிடலாம். அட்டைக் கணக்கைச் சரிபார்த்து, தவறு இருந்தால் கப்பலைவிட்டு இறங்கும் முன் வரவேற்பு மேசையில் தீர்த்துக்கொள்ள வேண்டும். இறங்கிய பின் கேட்பது மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்கும் வேலையாகிவிடும். குடிவரவு வரிசை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே சென்னையிலிருந்து பலாலிக்கு அன்று காலை விமானத்தைப் போடாமல், பின்னேரமோ மறுநாளோ போட்டுக்கொள்ள வேண்டும்.