ஏறுவதற்கு நான்கு சக்கரம், நிற்பதற்கு?

சங்கத்தின் பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பரின் மகன் கேட்டான்: "மாமா, வேகமாகப் போகிற கார் ஒன்று வாங்கப் போகிறேன். ரியர் வீல் டிரைவ் நல்லதா, ஆல் வீல் டிரைவ் நல்லதா? அடுத்த குளிர்காலத்தில் மணாலிக்கு ஓட்டிக்கொண்டு போகணும். ஆல் வீல் என்றால் பனியிலும் பயமில்லையாமே?" அதற்குள் பாயசம் வந்துவிட்டது. அன்று சொன்னது பாதி பதில்தான். நம் பிள்ளைகள் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருப்பதால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் ரயில்வேயில் சேர்ந்த காலத்தில் டபிள்யூ.பி. நீராவி என்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதன் 12 சக்கரங்களில் 6 மட்டுமே இழுக்கும். மற்றவை எடையைச் சுமந்துகொண்டு கூட வரும். மழை ஈரத்தில் நிறையப் பெட்டிகளோடு கிளம்பும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள். பின்னர் வந்த டபிள்யூ.டி.எம்.2 டீசல் என்ஜினுக்கும் 12 சக்கரங்கள்தான். ஆனால் ஆறு அச்சுகளிலும் மோட்டார் உண்டு. அதனால் என்ஜினின் முழு எடையும் இழுப்புக்குப் பயன்பட்டது. கார்களில் உள்ள வித்தியாசமும் இதுவே.

ரியர் வீல் காரில் பின்சக்கரங்கள் தள்ளும், முன்சக்கரங்கள் திருப்பும். வேலை பிரிந்திருப்பதால் ஸ்டியரிங் கையில் தெளிவாகப் பேசும். வேகமெடுக்கும்போது எடை பின்னால் சாய்வதால் பின்சக்கரத்தின் பிடிமானமும் கூடும். ஆனால் டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. தள்ளுவதற்கும் வளைவதற்கும் அதிலிருந்துதான் செலவழிக்க வேண்டும். ஈரமான வளைவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் காரின் பின்பக்கம் வெளியே வீசும். ஆல் வீலில் இந்தச் சுமையை நான்கு டயர்களும் பகிர்ந்துகொள்ளும். அதற்கு விலையாகக் கூடுதல் ஷாஃப்ட், கூடுதல் டிஃபரென்ஷியல், கூடுதல் எடை, கூடுதல் பெட்ரோல்.

இரண்டும் நேருக்கு நேர் மோதிய வருடம் 1983. உலக ராலிப் போட்டியில் நான்கு சக்கர இயக்கமுள்ள அவ்டி குவாட்ரோவை, எடை குறைந்த ரியர் வீல் காரான லான்சியா 037 எதிர்த்தது. சுவீடனின் பனியில் அவ்டி வென்றது. கோர்சிகாவின் தார்ச்சாலையில் முதல் நான்கு இடங்களும் லான்சியாவுக்கு! தயாரிப்பாளர் பட்டத்தை லான்சியா இரண்டே புள்ளி வித்தியாசத்தில் தட்டிச் சென்றது. அதற்குப் பிறகு எந்த ரியர் வீல் காரும் அந்தப் பட்டத்தை வென்றதில்லை. காய்ந்த நல்ல சாலையில் ரியர் வீல் குறைந்ததல்ல; சாலை வழுக்க வழுக்க ஆல் வீலின் கை ஓங்கும்.

இனி அந்தப் பையனின் மணாலிக்கு வருவோம். ஆல் வீல் என்பது காரை நகர்த்துவதற்கான ஏற்பாடு. நிறுத்துவதற்கு அல்ல. எந்தக் காரிலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும் உண்டு. நிற்பது டயரையும் சாலையையும் பொறுத்தது. 40 கிலோமீட்டர் வேகத்தில் காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் சுமார் 8 மீட்டரில் கார் நிற்கும். இறுகிய பனியில் அதே காருக்கு 30 மீட்டருக்கு மேல் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், இதில் எந்த டிரைவ் என்ற கேள்வியே வராது. ஆல் வீலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சக்கரம் சுழலாமல் ஏறிவிடுவதால் சாலை வழுக்குகிறது என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாது. இறங்கும்போதுதான் தெரியும்.

ஆகவே தம்பி, சமவெளியில் ஓட்டி மகிழ ரியர் வீல் போதும். மழையிலும் மலையிலும் அதிகம் ஓட்டுவாயானால் ஆல் வீல் வாங்கு. எதை வாங்கினாலும் நல்ல டயருக்குப் பணம் ஒதுக்கு. பனி விழுந்த சாலையில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டு. இல்லாவிட்டால் பழக்கப்பட்ட உள்ளூர் டிரைவரிடம் சாவியைக் கொடு. அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. வீட்டில் அம்மா, அப்பா காத்திருப்பார்கள்.